யாரோ ஒருவர் பெயரில்

விண்டோஸ் எக்ஸ்பியோடு ஒரு சின்ன அறிமுகப் படமும் சேர்ந்து வரும். மீடியா பிளேயரை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தருகிற படம் அது. அதற்கான ஒலிக்கோப்புகள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஹெல்ப், அதற்குள் டூர்ஸ் என்று நாலைந்து அடுக்குக்கு உள்ளே கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து நோட்பேடில் திறந்தால் திரை முழுக்கக் கிறுக்கலாகத்தான் தெரியும். ஒலியை எழுத்தாகப் படிக்க முடியுமா என்ன? ஆனால் பொறுமையாகக் கடைசிவரை உருட்டிக்கொண்டு போனால், கிறுக்கல் ஓய்கிற இடத்தில் படிக்கிற மாதிரி சில சொற்கள் இருக்கும். 2000-04-06 என்று ஒரு தேதி. சவுண்ட் ஃபோர்ஜ் 4.5 என்று ஒரு மென்பொருளின் பெயர். இரண்டுக்கும் நடுவில் ‘டீப்ஸோன்’. ஆங்கிலத்தில் ‘ஓ’ வரவேண்டிய இடத்தில் பூஜ்யத்தைப் போட்டு எழுதியிருப்பார்கள்.

டீப்ஸோன் என்பது ரேடியம் என்ற குழுவைச் சேர்ந்த ஒருவரின் புனைபெயர். ஒலி சார்ந்த மென்பொருட்களின் பூட்டை உடைத்துச் சுற்றுக்கு விடுவதுதான் அந்தக் குழுவின் தொழில். கோப்பில் ஒலிப்பொறியாளரின் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. உடைத்த பிரதியில் பதிவுபெற்றவராக இருந்த பெயர் தானாகவே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது என்பதுதான் எல்லோரும் கண்ட விளக்கம். 2004இல் ஒரு ஜெர்மானியக் கணினிப் பத்திரிகை இதை வெளியிட்டபோது உலகம் சிரித்தது. சிரிக்கத்தானே செய்யும்? திருட்டுப் பிரதியை ஒழிக்கவென்று வீட்டுக் கணினிகளுக்கான விண்டோஸில் ஆக்டிவேஷன் முதன்முதலில் வந்ததே எக்ஸ்பியில்தான். வாங்கியவர் ஒவ்வொருவரும் ஒழுங்காகப் பணம் கொடுத்தாரா என்று விசாரித்த அதே வட்டின் வயிற்றுக்குள் பூட்டுடைப்பவரின் கையெழுத்து இருந்தது. அந்தக் கோப்பைத் தயாரித்தது நிறுவனத்தின் ஆளா, வெளியே வேலை எடுத்துச் செய்த ஒலிக்கூடமா என்பதெல்லாம் வேறு விஷயம். பெயர் மட்டும் கோடிக்கணக்கான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மென்பொருள் திறக்கும்போது ஒரு கணம் வந்துபோகும் முகப்புத் திரையில், அல்லது ‘அபௌட்’ என்பதைச் சொடுக்கினால் வரும் சின்னப் பெட்டியில், ‘இந்த மென்பொருளுக்கு உரிமம் பெற்றவர்’ என்று ஒரு வரி இருக்கும். விஷுவல் பேசிக் 6 கற்றவர்களுக்கு அந்த வரி மனப்பாடம். தொண்ணூறுகளின் கடைசியில் ஊருக்கு ஊர் முளைத்த கம்ப்யூட்டர் சென்டர்களில் அதைத்தான் முதலில் பார்ப்போம். எங்கள் சென்டரில் எல்லாக் கணினியிலும் ஒரு வெள்ளைக்காரப் பெயரும் அதற்குக் கீழே ஏதோ ஒரு பல்மருத்துவமனையின் பெயரும் இருந்தன. பல் டாக்டருக்கு விஷுவல் பேசிக் எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். “அதெல்லாம் எதுக்கும்மா பாக்குறே, எஃப் 5ஐ அடி” என்றார் சார். அவருக்கும் தெரிந்திருக்காது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்த சிடியில், கீயை மேலேயே மார்க்கரால் எழுதியிருப்பார்கள். பெயர் கேட்கும் கட்டத்தில் முன்பு யாரோ அடித்ததே கிடக்கும், நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போய்விடுவார்கள். ஒரு கணினியில் எல்லாவற்றையும் ஏற்றி, அந்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே மற்றவற்றுக்குப் படியெடுப்பதும் வழக்கம். அதற்குப் பயன்பட்ட மென்பொருளின் பெயரே கோஸ்ட். பேய் ஒன்றுதான், குடியிருந்தது எல்லாக் கணினியிலும்.

அந்தப் பெயரை ஆளென்று படித்தால்தான் புதிர். வழியென்று படித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். யார் பயன்படுத்துகிறார் என்பதை அது சொல்வது அபூர்வம். எந்தெந்தக் கைகள் மாறி இந்தக் கணினிக்கு வந்தது என்பதை ஏறக்குறைய எப்போதும் சொல்லிவிடும்.

பெயரை எதற்குக் கேட்டார்கள்? வெட்கத்தை நம்பித்தான். தன் பெயர் பொறித்த பிரதியை ஊருக்குக் கொடுக்க யாருக்கும் கை வராது என்பது கணக்கு. பலவீனமான பூட்டுத்தான், ஆனால் செலவில்லாதது. எல்லோரும் இப்படி நினைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்லண்ட் நிறுவனம் 1983இல் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றது. அதன் உரிம வாசகம் மென்பொருளை ஒரு புத்தகத்தைப் போல நடத்தச் சொன்னது. யாரிடம் வேண்டுமானாலும் கொடு, எந்தக் கணினியிலும் போட்டுக்கொள், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் ஓடாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான். அதே காலத்தில், மைக்ரோசாஃப்டின் முதல் பத்து ஊழியர்களில் ஒருவராக இருந்து வெளியேறிய பாப் வாலஸ், பிசி-ரைட் என்ற எழுதுமென்பொருளை இன்னும் விநோதமாக விற்றார். 75 டாலர் கட்டிப் பதிவுசெய்தால் உங்களுக்கென்று ஒரு எண் போட்ட பிரதி வரும். அதைத் தாராளமாகப் படியெடுத்து விநியோகிக்கலாம். உங்கள் எண் இருக்கும் பிரதியைப் பார்த்து வேறொருவர் பதிவுசெய்தால் 25 டாலர் உங்களுக்குத் திரும்பி வரும். அடையாளத்தை ஊர்சுற்றவிட்டால் பணம்! இதைவிட நாகரிகமான ஏற்பாடு பிறகு வரவில்லை என்பது என் கருத்து. பின்னால் வந்த நிறுவனத்தார் வாலஸைவிடப் பணக்காரர்கள் ஆனார்கள் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை.

வெட்கம் போதாது என்று தெரிந்தபோது பெயரையே சாவியின் பாதியாக்கினார்கள். பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் கணினிக்குள் ஒரு எண் உண்டு. அவற்றைக் கூட்டிப் பெருக்கிப் புரட்டி ஒரு சீரியல் நம்பரை உண்டாக்குவது. பெயரும் நம்பரும் பொருந்தினால் கதவு திறக்கும். இதில் பெயர் இல்லாமல் வெறும் நம்பரை மட்டும் நம்பியவர்களும் உண்டு. விண்டோஸ் 95இன் கடைப்பிரதிக்கான கீயில் முதல் மூன்று இலக்கம் 333, 444 என்று 999 வரையிலான சில ஒரேமாதிரி எண்களாக இருக்கக்கூடாது. பின்னால் வரும் ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் வகுபட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. எல்லா இடத்திலும் ஒன்றை அடித்தால்கூட ஏழு ஒன்று ஏழு, கதவு திறந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

பெயரிலிருந்து நம்பரைச் செய்கிற முறையிலும் ஓட்டை இருந்தது. அந்தக் கூட்டல் பெருக்கல் முழுவதும் மென்பொருளுக்குள்ளேயேதான் இருந்தாக வேண்டும்; உள்ளே புகுந்து படித்துவிட்டால் எந்தப் பெயருக்கும் நம்பர் செய்துகொள்ளலாம். கீஜென் என்று சொல்லப்பட்ட குட்டி நிரல்கள் அதைத்தான் செய்தன. திறந்தால் டிங் டிங்கென்று ஒரு இசை, நகரும் எழுத்துகள், நடுவில் பெயர் கேட்கும் கட்டம். அந்தக் காலத்துப் புரியாத பெயர்களில் பல இந்த வகை. பூட்டை உடைத்த குழு தன் கொடியை நட்டுவிட்டுப் போயிருக்கும். விளையாட்டுக்கு பில் கேட்ஸ் என்று அடித்தவர்களும் இருந்தார்கள்.

பிறகு டிஜிட்டல் கையொப்பம் வந்தது. விற்பவர் தன்னிடம் மட்டும் இருக்கும் ரகசிய எண்ணைக் கொண்டு வாங்குபவரின் பெயருக்குக் கையொப்பமிடுவார்; மென்பொருளுக்குள் அதைச் சரிபார்க்கும் வழி மட்டும் இருக்கும், உண்டாக்கும் வழி இருக்காது. எழுதுநிரல்கள் பலவற்றின் உரிமக் கோப்பு இப்படித்தான்: மேலே ஒரு பெயர், எத்தனை பேருக்கு என்று ஒரு வரி, கீழே எட்டுப் பத்து வரிக்கு எண்ணும் எழுத்தும் கலந்த குப்பை. பெயரில் ஒரு புள்ளியை மாற்றினாலும் செல்லாது. இனி கீஜென் எழுத முடியாது. இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. உண்டாக்க முடியாதபோது, யாரோ காசு கொடுத்து வாங்கிய உண்மையான உரிமம்தான் கசிந்தாக வேண்டும். ஆகவே முன்பு புனைபெயர்கள் சுற்றிய இடத்தில் நிஜ மனிதர்களின் பெயர்கள் சுற்றத் தொடங்கின. எங்கோ இருக்கும் ஒரு நிரலாளர் எழுபது எண்பது டாலர் கொடுத்து நேர்மையாக வாங்கியது. நண்பனுக்குக் கொடுத்தாரோ, பொதுக் களஞ்சியத்தில் தெரியாமல் ஏற்றிவிட்டாரோ, கணினியில் யாராவது புகுந்தார்களோ, இப்போது முன்பின் தெரியாத ஊர்களில் அவர் பெயர் தினம் திரையில் வருகிறது. நம் வீட்டு அலமாரியிலும் ஏதாவதொரு எவர்சில்வர் தூக்கில் யாரோ ஒருவர் பெயர் வெட்டியிருக்கும். எந்தக் கல்யாணத்துக்கு யார் வைத்தது, எந்த விசேஷத்தில் மாறி வந்தது என்று வீட்டில் எவருக்கும் தெரியாது, ஆனாலும் சாம்பார் அதில்தான் போகிறது.

தூக்கோடு ஒப்பிட்டு முடித்துவிட முடியாத ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. திருடிய கடன் அட்டையைக் கொண்டு உரிமம் வாங்குகிறவர்கள் அட்டைக்காரரின் பெயரிலேயே வாங்கினார்கள். அந்த உரிமத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். அப்படியானால் ‘உரிமம் பெற்றவர்’ என்று திரையில் தெரியும் அந்தப் பெயர் சில சமயம் கொள்ளைபோனவரின் பெயர். அவர் அந்த மென்பொருளைக் கண்ணால் பார்த்திருக்கக்கூட மாட்டார். நாம் சிரித்துக்கொண்டே ‘யார்டா இவன்’ என்று கேட்கிறோம்.

விற்பவர்கள் சும்மா இருந்தார்களா? அடுத்த பதிப்பில், மறுக்க வேண்டிய பெயர்களின் பட்டியலை மென்பொருளுக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். இந்தப் பெயர் வந்தால் திறக்காதே. பூட்டுடைக்கும் குழுக்களின் பெயரோடு, உரிமம் கசிந்த அப்பாவி வாடிக்கையாளரின் பெயரும் அதில் இருக்கும். பணம் கொடுத்தவர் விலக்கப்பட்டவர்களின் வரிசையில் நின்று, ‘ஐயா, நான் நிஜமாகவே நான்தான்’ என்று எழுதிப் புதுக் கீ வாங்க வேண்டும்.

இவ்வளவு நாடகம் எதுவும் இல்லாத பெயர்களும் உண்டு; எண்ணிக்கையில் அவைதான் அதிகம். கணினி தயாரித்த நிறுவனமே முன்கூட்டி நிரப்பி அனுப்பிய ‘மதிப்புமிக்க வாடிக்கையாளர்’, ‘விண்டோஸ் யூசர்’, ‘அட்மின்’. விண்டோஸ் நிறுவும்போது கொடுக்கும் பெயரும் அலுவலகப் பெயரும் ரெஜிஸ்ட்ரி என்ற உள்பதிவேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஏற்றப்படும் மென்பொருட்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அவை உண்டாக்கும் கோப்புகள் அவற்றிடமிருந்து எடுத்துக்கொள்ளும். யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல் ஒரு பெயர் இப்படி இறங்கிக்கொண்டே போகும். ஊரில் பாதிப் பேருடைய வேலை விண்ணப்பத்தை எழுதியவர் ‘யூசர்’ என்பவர்தான். அந்தக் கோப்பின் பண்புகளைத் திறந்து பாருங்கள்.

இந்த இறக்கம் ஒருமுறை ஒரு கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா நகரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 1974க்கும் 1991க்கும் இடையில் பத்துப் பேரைக் கொன்றவன் டென்னிஸ் ரேடர். செய்வதைச் செய்துவிட்டுப் போலீசுக்கும் பத்திரிகைக்கும் கடிதம் எழுதுகிற பழக்கம் அவனுக்கு. நெடுநாள் மௌனத்துக்குப் பிறகு 2004இல் மறுபடி எழுத ஆரம்பித்தான். ஃபிளாப்பியில் எழுதி அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள் என்று போலீசையே கேட்டான். முடியாது, தைரியமாக அனுப்பு என்ற பொருளில் அவர்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். அதை நம்பி 2005 பிப்ரவரியில் ஊதா நிற ஃபிளாப்பி ஒன்றை ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பினான். வட்டில், அழிக்கப்பட்ட ஒரு வேர்டு கோப்பின் மிச்சம் இருந்தது. அதன் பண்புகளில் ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பெயர்; கடைசியாகத் திருத்தியவர் ‘டென்னிஸ்’. அந்தத் தேவாலயத்தின் சபைத் தலைவர் யாரென்று பார்த்தார்கள், ரேடர். பிப்ரவரி 25 அன்று கைது. முப்பது வருடம் கைரேகையையும் காலடியையும் மறைத்துத் திரிந்தவனுக்கு, தேவாலயக் கணினியில் யாரோ நிரப்பிவைத்த கட்டம் ஒன்று கூடவே வருகிறது என்று தோன்றவில்லை. பெயர் வழியைச் சொல்லும் என்றேனே, இங்கே வழி நேராக வீட்டு வாசலுக்குப் போயிற்று.

நிரல் எழுதுகிறவர்களின் உலகத்தில் இந்தப் பெயர் மூலநிரலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. புதுக் கோப்பு திறந்தால் தலையில் தானாகவே ஒரு குறிப்பு விழும்: எழுதியவர் இன்னார், தேதி இன்னது. ஆப்பிள் கணினியில் நிரல் எழுதப் பயன்படும் எக்ஸ்கோடின் பழைய பதிப்புகள் காப்புரிமை வரியில் ‘என் கம்பெனிப் பெயர்’ என்ற பொருள்வரும் நிரப்புச்சொல்லை இரண்டுபக்கமும் அடிக்கோடு போட்டு வைத்திருக்கும். மாற்ற வேண்டும் என்று தெரியாதவர்கள் அப்படியே விட்டுவிட்டதால், அந்த இல்லாத கம்பெனி உலகத்தில் நிறைய மென்பொருளுக்குக் காப்புரிமை வைத்திருக்கிறது. பொறியியல் கல்லூரிக் கடைசி ஆண்டு புராஜெக்டுகளை மதிப்பிடப் போகும் நண்பர் ஒருவர் நிரலைப் படிப்பதற்கு முன் இந்தத் தலைப்பு வரியைத்தான் பார்ப்பார். ஆறு கோப்பில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்றும், ஏழாவதில் மூன்று வருடத்துக்கு முன் படித்துவிட்டுப் போன சீனியரின் பெயரும் இருக்கும். “யாருப்பா இது?” என்று கேட்டால், “சார், அது சிஸ்டம் நேம் சார்” என்று கூசாமல் பதில் வரும்.

இந்தப் பெயர்களை மனிதர் மட்டும் படிப்பதாக நினைக்க வேண்டாம். 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன் மைக்ரோசிஸ்டம்ஸை வாங்கி முடித்தது. சன்னுடைய நிரல்மொழியான ஜாவாவும் கைமாறியது. அந்த ஜூலையில் வந்த ஜாவா பதிப்பில், கோப்பின் பண்புகளில் கம்பெனிப் பெயர் இருக்கும் இடத்தில் சன் என்பதை எடுத்துவிட்டு ஆரக்கிள் என்று போட்டார்கள். நியாயமான மாற்றம்தானே? உடனே, நிரல் எழுதப் பயன்படும் எக்லிப்ஸ் என்ற மென்பொருள் விழத் தொடங்கியது. அது கிளம்பும்போது அந்தப் பெயரைப் பார்த்து, சன்னுடைய ஜாவா என்றால் மட்டும் கொஞ்சம் கூடுதல் நினைவகம் கேட்டு வாங்கும் வழக்கம் வைத்திருந்தது. பெயர் மாறியதும் கேட்கவில்லை. நினைவகம் போதாமல் மூச்சுமுட்டி நின்றது. ஆரக்கிள் தான் விலைக்கு வாங்கிய கம்பெனியின் பெயரைத் திரும்ப எழுதி மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று.

நம்மவர்களின் சிக்கல் வேறு மாதிரி. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் உரிமப் படிவம் நகராது. நமக்கோ இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். சிலர் இரண்டாவது கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போடுவார்கள். ஓர் எழுத்தெல்லாம் பெயராகாது என்று சில படிவங்கள் திருப்பிவிடும். சிலர் புள்ளி வைத்துப் பார்ப்பார்கள். கடைசியில் அப்பா பெயரைப் போட்டு முடிப்பார்கள். அதன்பிறகு அந்த நிறுவனத்திலிருந்து வருகிற ஒவ்வொரு அஞ்சலும் அப்பாவை மரியாதையாக விளித்து, அவருடைய கம்பைலர் உரிமம் அடுத்த மாதம் முடிகிறது என்று நினைவூட்டும். அவரோ கணக்கெழுதி ஓய்வுபெற்றவராக இருப்பார், அல்லது காலமாகியிருப்பார். பெண்களுக்கு இன்னொரு திருப்பம்: கல்யாணத்துக்குப் பிறகு பல வீடுகளில் இனிஷியல் மாறும். உரிமத்தில் இருப்பவரும் அடையாள அட்டையில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று மேல்நாட்டு நிறுவனத்துக்கு எந்த மொழியில் விளக்குவது?

இப்போது பல மென்பொருட்கள் மாதச் சந்தாவுக்கு மாறிவிட்டன. மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போக வேண்டும். திரையில் தெரிவது நம் பெயர், நம் படம். பல் டாக்டர்கள் போய்விட்டார்கள். இருந்தாலும் அந்நியர்கள் முழுக்க ஒழிந்துவிடவில்லை, கிட்டுக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவரின் பெயரைச் சேர்த்து வைக்கும். முதல்முறை பெயர் கொடுக்காமல் முயன்றால், நீ யாரென்று சொல் என்று நிறுத்தி, எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதிரிக் கட்டளையையும் காட்டும். அதில் பெயர் வருமிடத்தில் ‘உங்கள் பெயர்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் அதை அப்படியே படியெடுத்து ஒட்டிவிடுவார்கள். அதனால் இன்று பொதுவெளியில் கிடக்கும் நிரல்களில் ‘உங்கள் பெயர்’ என்பவர் செய்த திருத்தங்கள் ஏராளம்.

கிட் அந்தப் பெயரைச் சரிபார்ப்பதே இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் என்றுகூட அடித்துக்கொள்ளலாம், எதிர்ப்புத் தெரிவிக்காது. ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால் மாற்றுவதுதான் பாடு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் உள்ள அடையாள எண், அதற்குள் இருக்கும் பெயரையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. அந்த எண் அடுத்த திருத்தத்துக்குள் போகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு பெயரைத் திருத்தினால் அதற்குப் பின்னால் வந்த எல்லாத் திருத்தங்களின் எண்ணும் மாறும், மற்றவர்களிடம் இருக்கும் பிரதிகளோடு பொருந்தாது. எனவே யாரும் தொடமாட்டார்கள். கல்யாணத்தால் பெயர் மாறியவர்கள், பால் மாறிப் பழைய பெயரைக் கேட்கவே விரும்பாதவர்கள், தப்பாக அடித்துவிட்டவர்கள் என்று எல்லோருக்கும் ஒரே பதில்தான். இதற்கு மாற்றாக மெயில்மேப் என்று ஒரு கோப்பு வைத்துக்கொள்ளலாம்: இந்தப் பழைய பெயர் வந்தால் இந்தப் புதிய பெயரைக் காட்டு என்று வரிவரியாக அதில் எழுத வேண்டும். பட்டியல் எடுக்கும்போது புதுப் பெயர் வரும், உள்ளே பழையது அப்படியே இருக்கும். அந்தக் கோப்பும் நிரலோடு சேர்ந்தே எல்லோருக்கும் போகிறது. யார் முன்பு என்ன பெயரில் இருந்தார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.